ஏர் முள் நிறைவாக நின்றால் போதுமா? கிளம்பும் முன் ஸ்டியரிங், ஏர் பிரேக் பார்ப்பது பற்றி (கலம்போலி, நவி மும்பை)

கலம்போலி யார்டு:
வணக்கம். கலம்போலி இரும்புச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் யார்டில் மேற்பார்வை பார்க்கிறேன். டிரெய்லர்களும் பத்துச் சக்கர, பன்னிரண்டு சக்கர லாரிகளும் கலந்து நிற்கின்றன. ஓட்டுநர்களில் பாதிப் பேர் நம் சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்கள். மற்றவர்கள் உத்தரப் பிரதேசம், பீகார். இரும்புச் சுருள் ஏற்றிக்கொண்டு புணேவுக்கும் அதைத் தாண்டியும் போகிறார்கள். திரும்பும்போது ஏற்றுமதிச் சரக்கோடு போர் காட் மலைப்பாதை இறங்கி நவ ஷேவா துறைமுகம்.

முதலாளியின் கொள்கை எளிமையானது: "ஏர் முள் மேலே நிற்கிறதா, ஸ்டியரிங் இலகுவாகத் திரும்புகிறதா, கிளம்பு." வண்டிக்குக் கால் மணி நேரம் கொடுங்கள், கீழே குனிந்து பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்று கேட்டேன். "அந்த நேரத்தில் வண்டி பன்வெல்லைத் தாண்டியிருக்கும்" என்றார். பேசிப் பேசி இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார், அரை மனதோடு.

வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்கும் பள்ளம் இல்லாத, சேறு நிறைந்த யார்டு. ஓட்டுநர் ஒருவர், கிளீனர் ஒருவர், கால் மணி நேரம். இதற்குள் உருப்படியாக என்ன பார்க்கலாம்? எல்லா வண்டிக்கும் எஃப்.சி. (தகுதிச் சான்று) இருக்கிறது. அதை மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். முதலாளி தினமும் சொல்கிறார்.

சங்ககிரி டிரெய்லர்:
தம்பி, ஏர் முள் காட்டுவது தொட்டியில் காற்று இருக்கிறது என்பதை. பிரேக் இருக்கிறது என்பதை அது காட்டாது. உங்கள் முதலாளிக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். தொட்டியில் 8 பார் அழுத்தம் நிற்கும். பின் அச்சில் நான்கு சக்கரத்தில் இரண்டு டிரம்மைத் தொடவே தொடாது. வண்டி யார்டுக்குள் நன்றாகத்தான் நிற்கும், ஏனென்றால் நடை வேகத்தில் நிறுத்த இரண்டு சக்கரமே போதும்.

நான் செய்வது இது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. காற்று முழுவதும் ஏறி, காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர் "புஸ்" என்று துப்பும் வரை இன்ஜின் ஓட வேண்டும். அந்தச் சத்தம் வராவிட்டால் அங்கேயே ஒரு கோளாறு. பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, முள்ளைப் பாருங்கள். அடுத்து பெடலை முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொண்டு மறுபடி பாருங்கள். மிதித்த உடனே கொஞ்சம் இறங்கும், அதை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு இறங்குவதுதான் கசிவு. கிளீனர் அந்த நேரத்தில் வண்டியைச் சுற்றி நடந்து காதால் கேட்க வேண்டும். கலம்போலியில் பக்கத்து வண்டிகள் இன்ஜினை ஓடவிட்டு நிற்கும் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. விடியற்காலையில் செய்யுங்கள்.

வடாலா பட்டறை:
அண்ணன் சொன்னதற்கு அளவு சேர்க்கிறேன். அமெரிக்காவில் கனரக ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கு ஓட்டுநர் இதைச் செய்து காட்ட வேண்டும். பெடல் மிதிக்காத நிலையில் தனி லாரிக்கு நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐ, டிரெய்லர் மாட்டியதற்கு 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. மிதித்துப் பிடித்த நிலையில் 3, 4. நம் வண்டிகளின் மீட்டர் பாரில் இருக்கிறது. 3 பிஎஸ்ஐ என்பது 0.2 பார்தான், முள்ளின் தடிமன் அளவு. கண்ணுக்குத் தெரியாது. அதனால் என் பட்டறையில் 5 நிமிடம் விட்டுப் பார்ப்போம். 5 நிமிடத்தில் 1 பார் இறங்கினால் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு கீழே போக வேண்டியதுதான்.

பிறகு அதே நிலையில், இன்ஜின் நிறுத்தியபடியே பெடலை மிதித்து மிதித்து விடுங்கள். காற்று குறைந்துகொண்டே வரும். 4 பாருக்குக் கீழே போகும் முன் எச்சரிக்கை விளக்கும் பஸ்ஸரும் வந்தாக வேண்டும். பல வண்டிகளில் பஸ்ஸர் வயரைப் பிடுங்கிவிட்டிருப்பார்கள், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கத்துகிறது என்று. இன்னும் மிதித்தால் ஸ்பிரிங் பிரேக் (காற்று இல்லாதபோது ஸ்பிரிங் விசையால் பிடிக்கும் பிரேக்) தானாகப் பிடிக்க வேண்டும். இந்தச் சோதனைக்குக் காசு இல்லை, கருவி இல்லை. ஆனால் காற்றை மறுபடி ஏற்ற நேரம் ஆகும் என்று எல்லோரும் தவிர்க்கிறார்கள். மறுபடி ஏற்றுவதும் ஒரு சோதனைதான்: இன்ஜினை வேகமாக ஓடவிட்டால் சுமார் 6 பாரிலிருந்து 7 பாருக்கு 45 நொடிக்குள் வர வேண்டும். அதைவிட நேரம் எடுத்தால் கம்ப்ரஸர் களைத்துவிட்டது, அல்லது எங்கோ பெரிய கசிவு.

இப்போது முக்கியமானது, புஷ் ராடு. காற்று வந்து தள்ளும் சேம்பரிலிருந்து, பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் கையான ஸ்லாக் அட்ஜஸ்டருக்கு வரும் கம்பி. கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ராடு சேம்பருக்குள் நுழையும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். காற்று 6 முதல் 7 பாருக்குள் இருக்கும்போது ஓட்டுநர் பெடலை முழுவதும் மிதிக்கட்டும். கோடு எவ்வளவு வெளியே வந்தது என்று அளந்து பாருங்கள். சாதாரண 30 அளவு சேம்பருக்கு 2 அங்குலம், அதாவது 51 மி.மீ.தான் உச்சம். 24 அளவுக்கு ஒன்றே முக்கால் அங்குலம். ஸ்ட்ரோக் (ராடு வெளியே வரும் தூரம்) நீளமான சேம்பர்களுக்கு வேறு அளவு. அதன் மேலேயே குறித்திருக்கும்.

30 என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் தகடான டயாஃப்ரத்தின் பரப்பு 30 சதுர அங்குலம். 100 பிஎஸ்ஐ காற்று வந்தால் 3,000 பவுண்டு, ஏறக்குறைய 1,360 கிலோ தள்ளு விசை. அந்த விசை ஸ்ட்ரோக்கின் கடைசிப் பகுதியில் மளமளவென்று விழுந்துவிடும். ராடு முட்டி நின்றுவிட்டால் தொட்டியில் எத்தனை பார் இருந்தும், டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங்குக்கு ஒன்றும் போகாது.

செம்பூர் டேங்கர்:
மாகுல் பக்கம் எண்ணெய் டேங்கர்கள் ஓட்டுகிறோம், அதனால் சோதனை எங்களுக்குப் புதிதல்ல. சுத்திகரிப்பு ஆலை வாசலிலேயே வண்டியைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஆனால் இந்தச் சாக்பீஸ் வேலை பழைய வண்டிக்கு. இப்போது வருவதெல்லாம் ஆட்டோமேட்டிக் ஸ்லாக் அட்ஜஸ்டர். லைனிங் தேயத் தேய அதுவே இறுக்கிக்கொள்ளும். தினமும் கீழே படுத்து அளப்பது வீண் வேலை. அப்படியே கொஞ்சம் தளர்வாகத் தெரிந்தால் ஓட்டுநரே ஸ்பேனர் போட்டு ஒரு சுற்று இறுக்கிவிட்டால் முடிந்தது.

வடாலா பட்டறை:
மன்னிக்கவும், கடைசி வரிக்கு எதிராகத்தான் நான் பட்டறையில் தினமும் கத்துகிறேன். ஆட்டோமேட்டிக் ஸ்லாக் தளர்ந்திருக்கிறது என்றால் அது இறுக்கும் வேலையை நிறுத்திவிட்டது என்று பொருள். ஏன் நிறுத்தியது? உள்ளே பல் தேய்ந்திருக்கலாம், எஸ்-கேம் (லைனிங்கை விரித்து டிரம்மில் அழுத்தும் தண்டு) புஷ் போயிருக்கலாம், ராடையும் ஸ்லாக்கையும் இணைக்கும் கிளெவிஸ் பின் ஓட்டை முட்டை வடிவமாகியிருக்கலாம், பிராக்கெட் கோணம் தப்பாக மாட்டியிருக்கலாம், டிரம் அளவுக்கு மேல் கடைந்திருக்கலாம். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அன்றைக்கு ஸ்ட்ரோக் சரியாகத் தெரியும், காரணம் அப்படியே இருக்கும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுவிட்டு டைஃபாய்டை விட்டுவிடுகிற கதை. அமெரிக்க ஓட்டுநர் கையேட்டிலேயே இதை எச்சரிக்கையாக எழுதியிருக்கிறார்கள்: தானியங்கி ஸ்லாக்கை அடிக்கடி கையால் இறுக்க வேண்டியிருந்தால் அது பழுது, பட்டறைக்கு அனுப்பு.

கையால் இறுக்கும் பழைய ஸ்லாக் வேறு கணக்கு. லைனிங் டிரம்மைத் தொடும் வரை இறுக்கி, அரைச் சுற்று திருப்பிவிட்டு, சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கும் திசையைத் தப்பாகப் பிடித்தவர்களும் உண்டு. எஸ்-கேம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்காமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது. இடது வலது இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். முன் அச்சில் ஒன்று முந்திப் பிடித்தால் பிரேக் போடும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். அதை அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்துக் கம்பிகளைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

செம்பூர் டேங்கர்:
சரி, ஒரு சுற்று இறுக்குவதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் தினமும் எல்லாச் சக்கரமும் அளப்பது நடக்காத காரியம். பன்னிரண்டு சக்கரத்துக்குக் கீழே மழைச் சேற்றில் யார் படுப்பார்?

வடாலா பட்டறை:
அதை ஒப்புக்கொள்கிறேன். தினமும் கண்ணால் பார்த்தால் போதும்: பிரேக் மிதித்த நிலையில் ராடும் ஸ்லாக் கையும் ஏறக்குறையச் செங்கோணத்தில் நிற்கிறதா, ஒரு சேம்பரின் ராடு மட்டும் மற்றவற்றைவிட நீளமாக வெளியே வருகிறதா. வாரத்துக்கு ஒரு முறையும், காட் இறக்கம் உள்ள பயணத்துக்கு முன்பும் சாக்பீஸ்.

கலம்போலி யார்டு:
நன்றி. இதெல்லாம் பிரேக். ஸ்டியரிங் பக்கம் எங்கள் ஆட்கள் செய்வது ஒன்றே ஒன்று: இன்ஜினை ஓடவிட்டு இடமும் வலமும் முழுவதும் ஒடித்துப் பார்க்கிறார்கள். "வெண்ணெய் மாதிரி திரும்புகிறது அண்ணா" என்கிறார்கள்.

வடாலா பட்டறை:
வெண்ணெயாகத் திருப்புவது பம்ப். பவர் ஸ்டியரிங் வந்த பிறகு கையால் நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்று ஆகிவிட்டது. டிராக் லிங்க் (ஸ்டியரிங் பெட்டியின் அசைவை முன் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) முனை ஆடினாலும், கிங் பின் (முன் சக்கரம் எதன் மேல் திரும்புகிறதோ அந்த ஆணி) கிரீஸ் இல்லாமல் வறண்டிருந்தாலும் ஹைட்ராலிக் அழுத்தம் தள்ளிக்கொண்டு போய்விடும். ஓரம் வரை ஒடித்து அங்கேயே பிடித்துக்கொண்டிருப்பதும் கெடுதல். சில நொடிகளிலேயே பம்ப் சூடாகிவிடும்.

இருவர் வேண்டும். சக்கரம் நேராக, வண்டியின் எடை தரையில், இன்ஜின் ஓடிக்கொண்டு. ஹேண்ட் பிரேக் போட்டுக் கட்டையும் வைத்த பிறகுதான் ஒருவர் கீழே போக வேண்டும். மேலே இருப்பவர் ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக இடம் வலம் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும், ஓரம் வரை அல்ல, முன் சக்கரம் அசையத் தொடங்கும் அளவுக்கு மட்டும். கீழே இருப்பவர் பெட்டியிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். ஸ்டியரிங் பெட்டி சேஸில் அசைகிறதா, அதன் போல்ட்டைச் சுற்றித் துருப் பொடி சிந்தியிருக்கிறதா. பெட்டியிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம் திரும்பும் அதே கணத்தில் டிராக் லிங்க் திரும்புகிறதா, நடுவில் தாமதம் இருக்கிறதா. அடுத்து, இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு. விரலைப் பந்து மூட்டின் மேல் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும். ரப்பர் மூடி கிழிந்திருந்தால் அந்த மூட்டுக்குள் மழைக்காலம் முழுவதும் சேற்று நீர் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்டுகளில் ஸ்பிளிட் பின் இருக்கிறதா. பின்னுக்குப் பதில் ஆணியோ கட்டுக் கம்பியோ இருந்தால் அந்த வண்டியை அனுப்பாதீர்கள், பேச்சே வேண்டாம்.

மேலே, ஸ்டியரிங் தண்டின் கிராஸ் மூட்டும் அதன் கிளாம்ப் போல்ட்டும் பலர் பார்க்காத இடம். கேபினைச் சாய்த்தால் தெரியும்.

கிங் பின்னுக்கு ஜாக்கி போட்டு அச்சைத் தூக்க வேண்டும், ஆகவே இது தினசரி வேலை அல்ல. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், ஒருவர் பெடலை மிதித்துக்கொள்ள மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங். மிதித்தும் ஆடினால் கிங் பின். இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராடு பக்கம். கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிப்பதும் அச்சைத் தூக்கிய நிலையில்தான் சரி. எடை தரையில் இருந்தால் கிரீஸ் த்ரஸ்ட் பேரிங் பக்கம் போகாமல் மேலே பிதுங்கி வரும், அடித்துவிட்டோம் என்ற திருப்தி மட்டும் மிஞ்சும். கிங் பின் இறுகிய வண்டிக்கு ஓர் அடையாளம் உண்டு: வளைவு முடிந்த பிறகு ஸ்டியரிங் தானாக நேராகாது, ஓட்டுநர் இழுத்துக் கொண்டுவர வேண்டும். ஓட்டுநரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

வளைந்த டை ராடைச் சூடேற்றி நிமிர்த்துவது, டிராக் லிங்க்கில் வெல்டிங் வைப்பது, இரண்டும் நெடுஞ்சாலை ஓரங்களில் நடக்கின்றன. வெல்டிங்குக்கு வந்தால் என் பட்டறை வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். சென்னையில் ராணே போன்ற நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக இந்த இணைப்புகளைச் செய்து வருகின்றன. நல்ல பொருள் கிடைக்கிறது, டயர் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு விலையே இல்லை. பெட்டி அதே மாதிரி இருக்கும் போலிச் சரக்கும் கிடைக்கிறது. அங்கே கவனம்.

தானே வாசகன்:
நான் லாரிக்காரன் இல்லை, தினமும் கார் ஓட்டுகிறேன். ஓர் ஐயம். காற்று போய்விட்டால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்கிறீர்கள். அப்படியென்றால் "பிரேக் பிடிக்காமல் லாரி மோதியது" என்று செய்தித்தாளில் வருவது எப்படி?

சங்ககிரி டிரெய்லர்:
நல்ல கேள்வி. காற்று திடீரென்று போனால் வண்டி நின்றுவிடும், நடுச்சாலையில் நின்று ஊரைத் திணறடிக்கும். அதைப் பெரும்பாலும் யாரும் "பிரேக் போய்விட்டது" என்று சொல்வதில்லை. இறக்கத்தில் போவது வேறு. காற்று இருக்கும், பெடல் இருக்கும், பிடிப்பு இருக்காது.

டிரம் சூடேறினால் விரியும். லைனிங்கை விட்டு விலகிப் போகும். ராடு இன்னும் நீளமாக வந்தால்தான் எட்டிப் பிடிக்க முடியும். வடாலா தம்பி சொன்ன 2 அங்குலத்தின் ஓரத்தில் ஏற்கெனவே நிற்கும் வண்டி, யார்டில் குளிர்ந்திருக்கும்போது பிடிக்கும். கண்டாலாவிலிருந்து கோபோலி நோக்கி இறங்கும்போது டிரம் விரிந்ததும் ராடு முட்டிவிடும். லைனிங்கும் சூட்டில் வழுக்கும். மற்ற சக்கரங்கள் அதன் சுமையையும் வாங்கிக்கொண்டு அவையும் சூடேறும். ஸ்பிரிங் பிரேக் பிடித்தால்கூட அதே ஸ்லாக், அதே லைனிங், அதே டிரம் வழியாகத்தானே பிடிக்க வேண்டும்?

அதனால் இறக்கத்தில் பிரேக்கைவிட கியர்தான் பேச வேண்டும். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டு, வேகம் எல்லையைத் தொட்டதும் பெடலை அழுத்தமாகச் சில நொடி மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுவதும் விட்டுவிட வேண்டும். பெடல் மேல் காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்குபவன் டிரம்மை வறுத்துக்கொண்டு இறங்குகிறான்.

லோணாவளாவில் டீக்கு நிறுத்தும்போது நான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவேன். ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோவேன், தொட மாட்டேன். எல்லாம் ஒரே வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் அது விடாமல் உரசுகிறது, அல்லது மற்றவற்றின் வேலையையும் அது செய்கிறது. இப்போது பையன்கள் கையில் வெப்பமானித் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், இன்னும் நல்லது. ஆனால் டீக்கு நிறுத்துவது இறக்கத்துக்கு முன்பு, இறக்கம் முடிந்த பிறகு அல்ல.

செம்பூர் டேங்கர்:
கியரில் இறங்க வேண்டும் என்று எல்லா ஓட்டுநருக்கும் தெரியும். தெரிந்தும் நியூட்ரலில் விடுகிறார்கள். புணேயில் கத்ரஜ் சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை இறக்கம். 2022 நவம்பர் 20 இரவு அங்கே ஒரு லாரி பல பத்து வாகனங்களை இடித்துத் தள்ளியது. டீசலை மிச்சப்படுத்த ஓட்டுநர் இன்ஜினையே நிறுத்திவிட்டு இறங்கினார் என்று முதற்கட்ட விசாரணையில் போலீசார் சொன்னது அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

சங்ககிரி டிரெய்லர்:
இன்ஜினை நிறுத்தினால் கம்ப்ரஸர் நின்றுவிடும். மிதிக்க மிதிக்கத் தொட்டி காலியாகும், நிரப்ப ஆள் இல்லை. பவர் ஸ்டியரிங் பம்பும் அதே இன்ஜினில்தான் ஓடுகிறது. வளைவில் ஸ்டியரிங் கல்லாகிவிடும். எக்ஸாஸ்ட் பிரேக்கும் இல்லை. டீசலுக்காக மூன்றையும் ஒரே சாவியில் அணைப்பது.

ஆனால் ஓட்டுநரை மட்டும் திட்டாதீர்கள். மைலேஜ் காட்டினால் தனிப்படி, காட்டாவிட்டால் சம்பளத்தில் பிடித்தம் என்று வைத்திருக்கும் முதலாளிகளை எனக்குத் தெரியும். காட் வழிக்கும் சமவெளிக்கும் ஒரே மைலேஜ் கேட்டால் அவன் எங்கே மிச்சப்படுத்துவான்? இறக்கத்தில்தான். பிரேக் சோதனைப் பட்டியலில் முதல் வரியாக இதை எழுதுங்கள், தம்பி.

எஃப்.சி. வரிசை:
வாகனத் தகுதிச் சான்று வேலைகளுக்காக அலுவலகங்களுக்கு அலைபவன் நான். யார்டுக்காரர் எஃப்.சி. பற்றிப் பேசாதே என்றார், இருந்தாலும் பேசுகிறேன், ஏனென்றால் அது என்ன சொல்கிறது என்று தெரிந்தால் முதலாளிக்குப் பதில் சொல்லலாம். 2018 திருத்தத்துக்குப் பிறகு எட்டு ஆண்டு வரையிலான சரக்கு வாகனத்துக்குச் சான்று இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் வயதானால் ஆண்டுக்கு ஒரு முறை. இரண்டு ஆண்டில் ஒரு டிரெய்லர் எத்தனை லைனிங் மாற்றும் என்று முதலாளியையே கேளுங்கள். வண்டியை அங்கே பெரும்பாலும் காலியாகத்தான் கொண்டுவருகிறார்கள், அதுவும் முந்தின நாள் பட்டறையில் நின்றுவிட்டு.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி ஸ்டியரிங்குக்கு உரியது. ஸ்டியரிங் சக்கரத்தில் 30 டிகிரிக்கு மேல் வீண் ஆட்டம் கூடாது, பந்து மூட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும். பட்டறைக்காரர் சொன்ன மூடியும் ஸ்பிளிட் பின்னும் சட்டத்திலேயே இருக்கின்றன. 30 டிகிரி என்பது அரை மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பில் சுமார் 13 செ.மீ. அது வண்டியைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டிய எல்லை. அமெரிக்க ஓட்டுநர் கையேடு 10 டிகிரி என்கிறது, அதே சக்கரத்தில் நாலரை செ.மீ.க்கும் குறைவு. நான்கு விரல் அகலத்தைவிடக் குறைவு. நீங்கள் யார்டுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி, டாஷ்போர்டில் இரண்டு கோடு போட்டால் கிளீனரே அளந்துவிடுவார்.

கலம்போலி யார்டு:
டேப் யோசனையைச் செய்துவிட்டோம். அது ஓட்டுநர்களுக்குப் பிடித்துவிட்டது, ஒருவர் வண்டியை இன்னொருவர் அளந்து கேலி செய்கிறார்கள். சாக்பீஸ் வேலையில்தான் முணுமுணுப்பு. ஆனால் நவ ஷேவா போகும் ஒரு டிரெய்லரில் பின் அச்சின் இடதுபுற ராடு மற்றதைவிட வெளிப்படையாக நீளமாக வந்தது. கழற்றிப் பார்த்தால் எஸ்-கேம் புஷ் தேய்ந்து கிடக்கிறது. முதலாளியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். முள்ளையும் காட்டினேன், 8 பாரில் அசையாமல் நின்றது. ஒன்றும் பேசவில்லை, புஷ் வாங்கப் பணம் கொடுத்தார். மைலேஜ் படியைப் பற்றி மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை.

இரண்டு கேள்வி மிச்சம். ஒன்று, தொட்டியைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, சில வண்டிகளில் எண்ணெயும் சேர்ந்து வருகிறது. இரண்டு, டிரெய்லர் குழாய்களை எப்படிச் சோதிப்பது?

வடாலா பட்டறை:
ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் ஈரம்தானே அதிகம். டிரையர் நன்றாக இருந்தால் தொட்டியில் தண்ணீர் வரக் கூடாது. வந்தால் டிரையரின் கேட்ரிட்ஜ் முடிந்துவிட்டது. எண்ணெய் வந்தால் கம்ப்ரஸர் ரிங் பக்கம். அந்த எண்ணெய் கேட்ரிட்ஜையும் கெடுக்கும், வால்வுகளின் ரப்பரையும் ஊதவைக்கும். கேட்ரிட்ஜை மட்டும் மாற்றிவிட்டுக் கம்ப்ரஸரை விட்டால் புதியதும் சீக்கிரம் போகும். தினமும் மாலையில் தொட்டியைத் திறந்துவிடச் சொல்லுங்கள், எல்லாத் தொட்டியையும், கைக்கு எட்டுவதை மட்டும் அல்ல. துறைமுகத்தில் நாள்கணக்கில் நிற்கும் டிரெய்லர்களில் உப்புக் காற்றால் வெளித் துருவும் சேரும். தொட்டியின் பட்டைக்கு அடியில் சுரண்டிப் பாருங்கள்.

சங்ககிரி டிரெய்லர்:
டிரெய்லருக்கு நான் சொல்கிறேன். சிவப்புத் தலை (இணைப்பு முனை) எப்போதும் காற்று நிற்கும் குழாய், மஞ்சள் தலை பெடலுக்குக் கட்டுப்பட்டது. சமதரையில் நிறுத்தி, டிராக்டருக்கு (டிரெய்லரை இழுக்கும் முன்பகுதி வண்டி) கட்டை போட்டு, காற்று முழுவதும் ஏறிய பிறகு சிவப்புத் தலையைக் கழற்றுங்கள். டிரெய்லர் பிரேக் உடனே பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டையை எடுத்துவிட்டு முதல் கியரில் மெதுவாக இழுத்துப் பாருங்கள், நகரக் கூடாது. நகர்ந்தால் டிரெய்லர் அவசர வால்வு வேலை செய்யவில்லை. பாதி வழியில் டிரெய்லர் கழன்றால் அது தானாக நிற்காது. மாட்டும்போது தலைக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைத் துடைத்துப் பாருங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள். அதில் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். குழாய் வளைவில் சேஸோடு உரசுகிறதா என்று ஒரு முறை வண்டியை ஓரம் வரை ஒடித்து நிறுத்திப் பாருங்கள், நேராக நிற்கும்போது அது தெரியாது.

தானே வாசகன்:
ஸ்பிரிங் பிரேக் வழியில் பிடித்துக்கொண்டால் சேம்பரின் பின்னால் ஒரு போல்ட்டைப் போட்டுத் திருகி விடுவிக்கிறார்களே, நெடுஞ்சாலையில் பார்த்திருக்கிறேன். அது சரியா?

வடாலா பட்டறை:
வண்டியை ஓரம் கட்டவோ இழுத்துப் போகவோ மட்டும். அந்தப் போல்ட் உள்ளே இருக்கும்வரை அந்தச் சக்கரத்துக்குப் பார்க்கிங் பிரேக்கும் இல்லை, அவசர பிரேக்கும் இல்லை. யார்டுக்காரருக்கு: சேம்பர்களின் பின்புறம் போல்ட் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கிளீனரைப் பார்க்கச் சொல்லுங்கள், போன தடவை திருகியதை எடுக்காமலே லோடு ஏற்றிய வண்டிகள் வருகின்றன. சேம்பரின் கிளாம்பை மட்டும் யாரும் கழற்ற வேண்டாம். உள்ளே அடைபட்டிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். டயாஃப்ரம் போனால் சேம்பரை முழுதாக மாற்றிவிடுங்கள்.

கலம்போலி யார்டு:
பார்த்தேன். ஒரு வண்டியில் இருந்தது. ஓட்டுநர் ஊரில் இருக்கிறார், எப்போது போட்டது என்று அவருக்கும் நினைவில்லை. வண்டியை நிறுத்திவிட்டேன், சேம்பர் நாளை வருகிறது. 24 அளவா 30 அளவா என்று உடல் முழுவதும் துருவால் எழுத்து தெரியவில்லை. கிளாம்பின் வெளிச்சுற்றளவை அளந்து கடைக்காரரிடம் சொன்னால் போதுமா?

வடாலா பட்டறை:
போதாது, எதிர்ப்பக்கச் சேம்பரையும் பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஸ்ட்ரோக்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். முன்பு யாராவது ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் தப்பானதைப் பார்த்து இன்னொரு தப்பை வாங்கிவிடுவீர்கள். சேஸ் எண்ணைச் சொல்லி உதிரிபாகப் பட்டியலில் சரிபார்க்கச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு சாக்பீஸ்.